பத்து இலட்சம் மடங்கும் ஓர் ஒளித்திரையும்

நண்பகல் நேரம். மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதையினுள் ஒரு கார் விரைந்து செல்கிறது. எதிரே பாதையின் வாயிலில் கண்ணைக் கூசச் செய்யும் வெயில், உள்ளே இருள். வாயிலை அடுத்த இருட்சுவரின் ஓரமாகக் கருஞ்சட்டை அணிந்த ஒருவர் நடந்து செல்கிறார். காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள காமிரா அவரைக் கண்டுகொண்டால்தான் தானியங்கு பிரேக் உரிய நேரத்தில் வேலை செய்யும். காமிராவுக்கு அவர் தெரிவாரா?

ஒரே படத்தில் பதியக்கூடிய மிகுந்த ஒளிர்வுக்கும் மிகக் குறைந்த ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தை ஒளிர்வு வீச்சு எனலாம். காமிராவின் ஒளியுணரியில் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு சிறு கிண்ணம் போன்றது. ஒளி விழ விழ அதில் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. கிண்ணம் 10,000 எலெக்ட்ரான்கள் கொள்ளும் என்றும், மின்சுற்றின் இரைச்சல் 2 எலெக்ட்ரான் அளவு என்றும் கொண்டால், வீச்சு 5,000 மடங்கு. அதாவது ஏறத்தாழ 74 டெசிபெல். குறுகிய நேரப் பதிவையும் நீண்ட நேரப் பதிவையும் இணைத்தல், ஒரே புள்ளியில் சிறியதும் பெரியதுமாக இரண்டு உணர்பரப்புகளை அமைத்தல் ஆகிய வழிகளால் இன்று 120 டெசிபெல் வீச்சுள்ள ஒளியுணரிகள் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு 20 டெசிபெல்லுக்கும் 10 மடங்கு என்பது கணக்கு. ஆகவே 120 டெசிபெல் என்பது பத்து இலட்சம் மடங்கு!

இவ்வளவு திறனிருந்தும், ஒளியுணரிக்கு முன்னே நிற்கும் லென்சு அதை வீணாக்கிவிடக்கூடும். அது எவ்வாறு எனக் காண்போம்.

எதிரொளிப்பின் விளையாட்டு

பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டை எதிரொளிக்கிறது. தனித்தனியாக நிற்கும் 6 லென்சுகள் கொண்ட காமிராவில் 12 பரப்புகள் உள்ளன. ஒரு பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, அதற்கு முன்னுள்ள மற்றொரு பரப்பில் பட்டு மீண்டும் ஒளியுணரியை நோக்கி வரலாம். இத்தகைய இரட்டை எதிரொளிப்புக்கு 12 பரப்புகளில் 66 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையும் 625இல் 1 பங்கு ஒளியை வழிதவறச் செய்யும். இவ்வொளியில் ஒரு பகுதி படத்தில் பேயுருக்களாகத் தெரியும். பெரும்பகுதி மெல்லிய வெண்திரைபோல் படம் முழுவதும் பரவும்.

திரையின் விளைவை எண்களில் பார்ப்போம். வாயிலின் ஒளிர்வு 10,00,000 அலகு. அது படத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்தை அடைக்கிறது. இருட்சுவர் 10 அலகு. கருஞ்சட்டை 5 அலகு. வாயிலின் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் படம் முழுவதும் சமமாகச் சிதறுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் 100 அலகு கூடிவிடும். இப்போது சுவர் 110, சட்டை 105! இரண்டு மடங்காக இருந்த வேறுபாடு 5 விழுக்காட்டளவாகச் சுருங்கிவிட்டது.

"திரையின் அளவு 100 எனத் தெரிந்தால், கணிப்பொறி அதைக் கழித்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். சராசரியைக் கழிக்கலாம், ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. ஒளி துகள்களாக வருவதால், சராசரியாக 100 துகள்கள் வருமிடத்தில் ஒருமுறை 90, மறுமுறை 110 என மாறும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒத்தது. ஓர் அலகு ஓர் எலெக்ட்ரான் எனக் கொண்டால், 10 அளவுள்ள ஏற்ற இறக்கத்தில் நாம் தேடும் 5 மூழ்கிவிடுகிறது. எனவே திரையை லென்சிலேயே தடுப்பதுதான் வழி.

பொருத்தம் பார்த்தல்

முதல் மருந்து பூச்சு. நாட்பட்டு நிறம் மாறிய லென்சுகள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் கவனித்தார். 1935இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் சுமாகுலா, வெற்றிடத்தில் லென்சுக்குப் பூச்சிடும் முறையைக் கண்டார். மக்னீசியம் புளூரைடை ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிப்பில் பூசினால், பூச்சின் இரு பக்கங்களிலும் எதிரொளிக்கும் பச்சை ஒளியலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. பல அடுக்குப் பூச்சால் ஒரு பரப்பின் எதிரொளிப்பை 0.2 விழுக்காடு அளவுக்குக் குறைக்கலாம். அப்போது 66 இணைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3,800இல் ஒரு பங்கையே வழிதவறச் செய்யும்.

பூச்சு மட்டும் போதாது. லென்சு விளிம்புகளுக்குக் கருமை பூச வேண்டும். குழலின் உட்சுவரில் ஒளியை விழுங்கும் வரிப்பள்ளங்கள் வேண்டும். ஒளியுணரியின் சிலிக்கான் பரப்பே பளபளப்பானது. அது திருப்பியனுப்பும் ஒளி கடைசி லென்சில் பட்டு மீளாதவாறு வளைவை வகுக்க வேண்டும். மேலும், ஒவ்வொரு படப்புள்ளியின்மேலும் ஒரு நுண்லென்சு உண்டு. படத்தின் ஓரங்களில் அது குறிப்பிட்ட சாய்வில் வரும் கதிர்களுக்கென விலக்கி அமைக்கப்படுகிறது. பெரிய லென்சு அனுப்பும் கதிரின் கோணம் அதனுடன் ஒத்துவராவிட்டால் ஓரங்கள் இருண்டுவிடும்.

இவை யாவும் சரியாக அமைந்தும், முன்கண்ணாடியில் படிந்த தூசியும் எண்ணெய்க் கறையும் அத்தனையையும் கெடுத்துவிடலாம். ஆகவே ஒளியுணரியின் விளம்பரத்தில் காணும் டெசிபெல் எண்ணை மட்டும் நம்பலாகாது. கண்ணாடி, லென்சு, ஒளியுணரி மூன்றையும் ஒருசேர வைத்து அளந்த வீச்சே உண்மையான வீச்சு.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருட்டறையில் எரியும் விளக்கின் அருகே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, கைப்பேசிக் காமிராவின் ஒளியளவைத் தானாக மாறாதபடி நிலைநிறுத்திப் படமெடுங்கள். பிறகு விளக்கின் ஒளி லென்சில் படாதவாறு ஒரு அட்டையால் மறைத்து மீண்டும் எடுங்கள். இரண்டாவது படத்தில் துணி மேலும் கறுத்திருக்கும். லென்சின்மேல் விரலால் இலேசாகத் தடவிவிட்டு முதற்படத்தை மறுபடியும் எடுத்தால், ஒளித்திரையைக் கண்ணாலேயே காணலாம்.