டி.வி.யில் ராஜகோபுரக் கலசம் மாயம்! படத்தை வெட்டியது யார்?

ஸ்ரீரங்கம்,

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு டெலிவிஷனில் ராஜகோபுரத்தின் 13 கலசங்களும் திடீரென மாயமாகி விட்டன. "பேனல் போச்சு, ரூ.9 ஆயிரம் ஆகும்" என்றார் மெக்கானிக். ஆனால் காலணா செலவில்லாமல் கலசங்கள் திரும்பி வந்தன.

இதன் விவரம் வருமாறு:-

பொன்மலை ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். மகள் சிங்கப்பூரில். பேரன் முகத்தைப் பெரிசாகப் பார்க்க ஆசைப்பட்டு, லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டு 43 அங்குல டி.வி.யில் மாட்டினார்.

படம் வந்தது. ஆனால் நாலு ஓரமும் வெட்டு!

லேப்டாப் முகப்பில் வைத்திருந்த 236 அடி ராஜகோபுரம் மொட்டையாக நின்றது. "என்னங்க, அபசகுனமா இருக்கே" என்று பாட்டி பதறி விட்டார். பெரியவருக்கு வேறு கவலை. மூலையில் கடிகாரம் பாதிக்கு மேல் காணோம். ஜன்னலை மூடும் பெருக்கல் குறியும் இல்லை.

மூக்கில் வேர்த்தது

அதே தெருவில் குடியிருக்கும் இந்த நிருபரிடம் பெரியவர் முறையிட்டார். கொலை, கொள்ளை, குடிநீர்க் குழாய் உடைப்பு என்று அலைகிறவனுக்கு டி.வி. கேசா? ஆனாலும் ரூ.9 ஆயிரம் என்றதும் மூக்கில் வேர்த்தது. ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கினேன். குழாய் டி.வி. காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கும் கடைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவர் போலீஸ் மாதிரி விசாரித்தார்.

"லேப்டாப்புல முழுசாத் தெரியுதா தம்பி?"

"தெரியுது."

"டி.வி.யோட சொந்த மெனு?"

"அதுவும் சரியா இருக்கு."

"எழுத்து லேசா மங்கலா இருக்குமே?"

"ஆமாண்ணே!"

"அப்ப பேனல் நல்லாத்தான் இருக்கு. பேனல் போனா கோடு விழும், கறுப்புப் பட்டை வரும். இது ஓவர்ஸ்கேன்."

பழைய குற்றவாளி

இந்த வெட்டு இன்று நேற்று வந்தது அல்ல. 1975-ல் சென்னை தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியபோது வீடுகளுக்கு வந்த பெட்டிகள் எல்லாம் குழாய் டி.வி.தான். கரண்ட் ஏறி இறங்கினால் குழாயில் படம் சுருங்கும், விரியும், ஓரம் கோணலாகும். அந்த அசிங்கம் தெரியாமலிருக்க படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். டி.வி. நிலையத்தாரும் எழுத்துகளை ஓரம் தள்ளாமல் உள்ளே போட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

2006-ல் தமிழக அரசு கொடுத்த இலவச கலர் டி.வி.யும் இந்தக் குழாய் ஜாதிதான். 2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்து முதல்-அமைச்சரான ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார். லேப்டாப்புக்கு ஓரம்தான் உயிர். கடிகாரம், பட்டன் எல்லாம் அங்கேதான்.

தட்டை டி.வி.யில் குழாய் கிடையாது. ஆனால் வெட்டும் பழக்கம் மட்டும் பல பெட்டிகளில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. படத்தின் அகலம் 1,920 புள்ளி, உயரம் 1,080 புள்ளி. பக்கத்துக்கு இரண்டரை சதவீதம் வெட்டினாலும் மேலே 27, கீழே 27 புள்ளி காலி. விண்டோஸ் 10-ல் கடிகாரம் இருக்கும் பட்டையே 40 புள்ளிதான்! மிச்சப் படத்தை இழுத்து நிரப்புவதால் எழுத்தும் மங்குகிறது.

ரிமோட்டில் இருக்கிறது மருந்து

டி.வி. ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற இடத்தைத் திறக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்'. சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்'. சோனியில் 'டிஸ்பிளே ஏரியா' போய் 'ஃபுல் பிக்சல்'. சில பெட்டிகளில் அந்த எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கு 'பி.சி.' என்று பெயர் மாற்றினாலே வெட்டு நின்று விடும்.

டி.வி.யில் வழியே இல்லை என்றால்தான் லேப்டாப்பில் கை வைக்கலாம். இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா மூன்றின் கிராபிக்ஸ் செட்டிங்கிலும் படத்தைச் சுருக்க இடம் உண்டு. ஆனால் எழுத்து அவ்வளவு கூர்மையாக வராது. விண்டோசில் 125, 150 சதவீதம் என்று வருகிறதே, அதைத் திருகிப் பயனில்லை. அது எழுத்தைத்தான் பெரிசாக்கும்.

திரும்பி வந்து ரிமோட்டை அமுக்கினேன். கடிகாரம் வந்தது, பெருக்கல் குறி வந்தது, உச்சியில் கலசம் வந்தது. பாட்டி திரைக்குப் பக்கத்தில் போய் விரல் விட்டு எண்ணினார். பதின்மூன்று!

மறுநாள் இரவு பெரியவர் மறுபடி கதவைத் தட்டினார். கேபிளைக் கழற்றி டி.வி.யின் இன்னொரு ஓட்டையில் செருகியிருக்கிறார். கலசம் மறுபடி மாயம்! பல டி.வி.களில் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனி செட்டிங். வாங்க பார்க்கலாம் என்று செருப்பை மாட்டினேன்.

"வேண்டாம் தம்பி, நானே சரி பண்ணிட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார்.