இரும்பின் மறுபிறவி – 9
பழைய பெட்ரோல் பம்ப்: எதுவரை மீட்டெடுப்பு?

பழைய பெட்ரோல் பம்பை மீட்டெடுப்பது என்பது, அது பங்கில் பெட்ரோல் அளந்துகொண்டிருந்த ஒரு குறிப்பிட்ட காலத்து நிலைக்கு, அதன் உடம்பிலேயே மிஞ்சியிருக்கும் தடயங்களைக் கொண்டு அதைத் திருப்புவது. புது பெயின்ட் அடித்து, தலையில் கம்பெனிப் பெயர் போட்ட கண்ணாடி உருண்டையை வைத்து ஓட்டல் வாசலில் நிறுத்தினால் அது அலங்காரம். மோட்டாரையும் மீட்டரையும் சுற்ற வைத்தால் அது ரீகண்டிஷன். இரண்டும் கெட்ட காரியமல்ல. மீட்டெடுத்தது என்று சொல்லி விலை வைக்கும்போதுதான் வில்லங்கம்.

ரீகண்டிஷன் வேலையைத் திருப்பூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த வட்டப் பின்னல் மெஷினில் ஊசியும் சிங்கரும் கேமும் மாறும். வேறு கேஜ் துணி வேண்டுமென்றால் சிலிண்டரே மாறும். துணியில் ஊசிக்கோடு விழாவிட்டால் அது நல்ல மெஷின், அவ்வளவுதான். எந்த உறுப்பு எந்த வருடத்தது என்று பனியன் கம்பெனியில் யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம், மெஷின் இருப்பது துணிக்காக. பழைய பம்பின் பிழைப்போ முடிந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை இல்லாத பம்பில் ஒரு லிட்டர்கூட விற்க முடியாது. இனி அது தன் காலத்துக்குச் சாட்சி சொல்வதற்காக மட்டுமே நிற்கிறது. சாட்சியைக் கலைத்துவிட்டால் மிஞ்சுவது தகரப் பெட்டி.

அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் சில்வானஸ் பௌசர் 1885-இல் மண்ணெண்ணெய் அளக்கச் செய்த பம்பிலிருந்து இந்த வம்சம் தொடங்குகிறது. பிறகு, கையால் அடித்து மேலே உள்ள கண்ணாடி உருளைக்கு ஏற்றி, கோடு பார்த்து இறக்கும் வகை வந்தது. அடுத்து மோட்டாரும் கடிகார முகமும். 1930களில் அளவையும் தொகையையும் சேர்த்துக் காட்டும் எண்சக்கரங்கள்.

இந்தியாவில் நின்ற பம்ப் என்றால் காலத்தைக் கண்டுபிடிக்க முகப்பே பாதி வேலையைச் செய்துவிடும். காலன், அணா என்றிருந்தால் அது தசம நாணயம் வந்த 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய முகப்பு. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. லிட்டர், 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகு படிப்படியாக நுழைந்தது. பர்மா ஷெல் 1928-இல் தொடங்கி 1976-இல் அரசு வசமானது, பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆனது. எஸ்ஸோ 1974-இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பக்கம் போனது. ஆகவே ஒரே பம்பில் இரண்டு கம்பெனி வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. எந்த அடுக்குக்குத் திரும்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பர்மா ஷெல் வண்ணமும் லிட்டர் முகப்பும் ஒன்றாக இருந்திருக்கலாம். பாரத் பெட்ரோலியம் சின்னத்தோடு அணா விலை இருந்திருக்கவே முடியாது. இன்னொரு பொறியும் உண்டு. இங்கே புழங்கியது 4.546 லிட்டர் கொண்ட இம்பீரியல் காலன். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான். அமெரிக்கப் பம்பை இறக்குமதி செய்து பர்மா ஷெல் பெயரை ஒட்டினால், கண்ணாடியின் கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலான பம்புகள் பாழாவது பட்டறைக்குப் போன முதல் நாளில்தான். சாண்ட் பிளாஸ்டிங் அரை மணியில் துருவை எடுக்கும். அதோடு அடிப்பெயின்ட், கையெழுத்துப் பெயின்டரின் எழுத்துத் தடம், எண் அடித்த வில்லை எல்லாம் போகும், மெல்லிய தகடும் நெளியும். முதலில் செய்ய வேண்டியது, மறைவான ஒரு மூலையில் ஈரமான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மரத்தின் ஆண்டு வளையம்போல் அடுக்குகளை வெளிக்கொணர்வது. ஈரம் அவசியம்; பழைய பெயின்டில் காரீயம் இருக்கக்கூடும், தூசி மூச்சில் போகக் கூடாது. பவுடர் கோட்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காலத்துப் பூச்சல்ல. எனாமல் முகப்பில் ஓரம் பெயர்ந்திருந்தால் அப்படியே விடுவதே மேல்.

உள்ளே இருப்பவற்றில் ரப்பர் ஹோஸ், கார்க் அல்லது தோல் கேஸ்கெட், வயர் ஆகியவை மாறுவதற்கென்றே இருந்தவை, மாற்றலாம். எண்சக்கர வகையில் ஏற்றும் பம்ப், காற்று பிரிக்கும் அறை, பிஸ்டன் மீட்டர், எண்சக்கரம் ஆகிய நான்கும் இருந்தால்தான் அது பம்ப். ஒன்று இல்லை என்றால் கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் மாதிரி கொடுத்து அச்சு அசலாக வார்த்து வாங்கிவிடலாம். அந்தத் திறமையே இங்கே ஆபத்தும்கூட: பத்து வருடம் கழித்து எது பழையது என்று வார்த்தவருக்கே தெரியாது. எனவே புது உறுப்பின் உட்புறத்தில் ஆண்டைப் பொறிக்க வேண்டும், கழற்றிய பழையதைப் பெட்டியில் வைக்க வேண்டும். மாதிரியே கிடைக்காத உறுப்பை ஊகித்துச் செய்யக் கூடாது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும் என்பது கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் விதி. பம்புக்கும் அதுவே போதும்.

மீட்டரில் தொங்கும் ஈய முத்திரையை வெட்டி எறிவது சகஜமாக நடக்கிறது. ஆய்வாளர் அடித்த ஆண்டு அதில் படிக்கும்படி இருந்தால், பம்ப் எப்போதுவரை வேலை செய்தது என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் கிடைக்காது. திறந்தே ஆக வேண்டுமென்றால் படமெடுத்துவிட்டு, கம்பியோடு எடுத்து வைக்கலாம். ஓட்டிக் காட்டும் ஆசைக்கு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை ஊற்றுவது இரட்டைத் தவறு: அது பழைய ரப்பரையும் அரக்குப் பூச்சையும் அரிக்கும், நைந்த வயரிங்கில் ஒரு பொறி போதும். கையால் சுற்றினாலே எண்சக்கரம் நகர்வது தெரியும்.