பாக்ஸிங் சாம்பியன்கள் சிலருடன் மோதாமல் நழுவுவது ஏன்? பயமா, பணமா, எடையா?

உலக சாம்பியன் என்றால் யார் வந்தாலும் மோத வேண்டாமா? பாக்ஸிங் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆனால் பெரிய பெரிய சாம்பியன்களே குறிப்பிட்ட சிலருடன் மோதாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்திருக்கிறார்கள். எடை கூடிய பிரிவுக்குப் போகச் சொன்னால் பலர் பிடியே கொடுப்பதில்லை. என்னதான் காரணம்? பார்க்கலாம்.

யாருடன் மோதுவது என்று முடிவு செய்வது யார்?

தொழில்முறை பாக்ஸிங்கில் கிரிக்கெட் லீக் மாதிரி அட்டவணை எதுவும் கிடையாது. ஒவ்வொரு போட்டியும் ஒரு தனி ஒப்பந்தம். இரண்டு வீரர்கள், அவர்களின் புரோமோட்டர்கள், ஒளிபரப்பும் டிவி நிறுவனம் என எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் மேட்ச்.

இதில் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என 4 பெரிய அமைப்புகள் வேறு. அதனால் ஒரே எடைப் பிரிவில் ஒரே நேரத்தில் 4 உலக சாம்பியன்கள் இருக்க முடியும். ஒருவரை ஒருவர் சந்திக்காமலே காலத்தை ஓட்டிவிடலாம்.

"இவருடன் கட்டாயம் மோத வேண்டும்" என்று அமைப்புகள் உத்தரவு போடுவதும் உண்டு. மறுத்தால் பட்டம் போய்விடும். ஆனால் அந்தப் பட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

குப்பைத் தொட்டிக்குப் போன பெல்ட்

1992-ல் அதுதான் நடந்தது. ஹெவிவெயிட் சாம்பியன் ரிடிக் போவ் அடுத்து லெனாக்ஸ் லூயிஸுடன் மோத வேண்டியிருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் போவை வீழ்த்தித் தங்கம் வென்றவர் இதே லூயிஸ். பேச்சுவார்த்தை முறிந்ததும், போவ் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். தொழில்முறை பாக்ஸிங்கில் இருவரும் கடைசி வரை மோதவே இல்லை.

ஜெயித்தாலும் லாபமில்லை என்றால்?

ஒரு சாம்பியனின் மார்க்கெட் பெரும்பாலும் அவரது தோல்வியில்லாத ரெக்கார்டில்தான் இருக்கிறது. ஒரு தோல்வி வந்தால் அடுத்த போட்டிக்கான சம்பளம் இறங்கும். அதனால், திறமை அதிகம், ஆனால் டிக்கெட் விற்காத வீரர்தான் சாம்பியனுக்குப் பெரிய தலைவலி. ஜெயித்தால் பெரிய பணம் இல்லை, தோற்றால் எல்லாமே போச்சு.

இன்னொரு பக்கம், காத்திருந்தால் காசு பெருகும் போட்டிகளும் உண்டு. ஃபிளாய்ட் மேவெதர் - மேனி பாக்கியாவ் மோதல் 2010-லேயே நடக்க வேண்டியது. ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை விவகாரத்தில் பேச்சு முறிந்தது. கடைசியில் 2015 மே மாதம் நடந்தபோது மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் பேர் பணம் கட்டி டிவியில் பார்த்தார்கள். மேவெதர் புள்ளிகளில் ஜெயித்தார். இருவரும் உச்சத்தில் இருந்தபோது மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? அந்தக் கேள்விக்கு இனி பதிலே கிடையாது.

எடை கூடிய பிரிவு ஏன் ஆபத்து?

47.6 கிலோவில் தொடங்கி, 90.7 கிலோவுக்கு மேலான ஹெவிவெயிட் வரை பாக்ஸிங்கில் பொதுவாக 17 எடைப் பிரிவுகள். சாப்பிட்டு எடையைக் கூட்டிவிடலாம். ஆனால் எலும்பின் பருமனையோ கையின் நீளத்தையோ கூட்ட முடியாது. மேலே போகும்போது நம் குத்தின் தாக்கம் குறைகிறது, வாங்கும் குத்தின் பாரம் கூடுகிறது.

இதற்கு இங்கிலாந்து வீரர் கெல் புரூக் கொடுத்த விலை பெரிது. 66.7 கிலோ பிரிவின் சாம்பியனான அவர், 2016-ல் இரண்டு பிரிவுகள் தாண்டி 72.6 கிலோவில் கென்னடி கோலோவ்கினுடன் மோதினார். ஐந்தாவது ரவுண்டில் அவரது பயிற்சியாளரே துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். கண்குழி எலும்பு உடைந்து ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு எரல் ஸ்பென்ஸிடம் தோற்றபோது இன்னொரு கண்ணின் எலும்பும் உடைந்தது. பட்டமும் போனது.

அப்போ மேலே போய் ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். பாக்கியாவ் 8 எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். 2023-ல் 66.7 கிலோ பிரிவில் கோலோச்சிய டெரன்ஸ் க்ராஃபோர்ட், 2025 செப்டம்பரில் 76.2 கிலோ பிரிவுக்கு ஏறி கனெலோ அல்வாரெஸையே வீழ்த்தினார். ஆனால் அதே கனெலோ, 2022-ல் 79.4 கிலோ பிரிவுக்கு ஏறியபோது டிமித்ரி பிவோலிடம் தோற்றிருந்தார். இவர்கள் எல்லாம் விதிவிலக்குகள். எல்லா சாம்பியனிடமும் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நழுவலா, நிதானமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை ஒரு சாம்பியன் "இவருடன் மாட்டேன்" என்றால், முதலில் எடையைப் பாருங்கள். எதிராளி இரண்டு பிரிவு மேலே இருந்தால், மறுப்பது உயிரையும் கண்ணையும் காப்பாற்றும் நிதானம். அதற்காக யாரையும் கோழை என்று கேலி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் எதிராளி அதே எடைப் பிரிவில், அடுத்த இடத்திலேயே காத்திருக்கிறாரா? ஒவ்வொரு வருடமும் புதுப்புது காரணம் வருகிறதா? அப்படின்னா ரசிகர்கள் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. ஏன்னா, சாம்பியன் காத்திருக்கும் அந்த வருடங்களில் வயதாவது எதிராளிக்கும்தான்.