தீர்த்தன் கரையில் இரண்டு மாணவர்கள்

பிள்ளையோடு உட்காரும் அப்பாக்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கத்தான் உட்காருகிறார்கள். கணக்கு, சைக்கிள், செஸ். சொல்பவர் எப்போதும் அப்பா, திட்டு வாங்குபவன் எப்போதும் மகன். இருவருக்கும் ஒன்றுமே தெரியாத ஒரு வேலையைத் தேடிப்பிடித்துச் சேர்ந்து கற்றுக்கொண்டால் வீட்டில் நிறைய மாறும். எனக்கும் என் மகனுக்கும் அப்படி வாய்த்தது, இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றங்கரையில் டெண்டில் தங்கி டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டது.

குல்லு மாவட்டத்தில், 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பெரிய இமயமலைத் தேசியப் பூங்காவின் உயரங்களில் பிறக்கிறது தீர்த்தன். குஷைனி, பஞ்சார் வழியாக இறங்கி லார்ஜியில் பியாஸோடு சேர்கிறது. டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1909இல் ஹோவெல் என்ற அதிகாரி குல்லு பள்ளத்தாக்கில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். நம் நீலகிரியிலும் அவலாஞ்சியில் டிரவுட் உண்டு, ஆனால் காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் டெண்ட் அடிக்க முடியாது. தீர்த்தன் கரையிலோ ஊர்க்காரர்களே முகாம் நடத்துகிறார்கள். இந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வரவிருந்தபோது, முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப்பும் ஊர் மக்களும் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள். திட்டங்கள் கைவிடப்பட்டன. அவர்களை நினைக்காமல் அங்கே தூண்டிலைத் தொடக்கூடாது என்பது என் எண்ணம்.

எங்களுக்கு வாத்தியார், முகாமில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர். எனக்கு இந்தி அரைகுறை, மகன் பள்ளியில் படித்தவன். அவர் சொல்லச் சொல்ல அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான். “அப்பா, நிழல் தண்ணில விழக்கூடாதாம். கீழேயிருந்து மேலே நடக்கணுமாம்.” டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும், மேலிருந்து அடித்துவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். அதனால் பின்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். பாறைக்குப் பின்னால் வேகம் தணிந்த இடம், நுரையும் தெளிநீரும் சந்திக்கும் கோடு, இவைதான் மீன் இருக்கும் இடங்கள். காலைதான் சரியான நேரம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் கூடிக் கலங்கிவிடும்.

ஸ்பின்னர் என்னும் சுழலும் போலி இரையை வீசிவிட்டு ரீலைச் சுற்றும் வேகம் அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எனக்கு வரவில்லை. “மணிக்கட்டுப்பா, தோள் இல்ல” என்று பொறுமையாகச் சொன்னான். நான் அவனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கையில் இந்தப் பொறுமை என்னிடம் இருந்ததில்லை.

மீன் சிக்கியதும் அவனுக்குத்தான். பிரௌன் டிரவுட். மஞ்சள் படிந்த உடல், விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். முதுகில் வால் பக்கமாகச் சதைப்பற்றான ஒரு குட்டித் துடுப்பு இருந்தது. சால்மன் குடும்பத்தின் அடையாளம் அது. வாத்தியார் முதலில் கையை நனைக்கச் சொன்னார். உலர்ந்த கை பட்டால் மீன்மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும், பிறகு நோய் பற்றும். தூண்டில் முள்ளின் உட்பக்கக் கூரை அவர் முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்ததால் முள் எளிதாகக் கழன்றது. தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்க, வயிற்றுக்கடியில் கைகொடுத்து மகன் பிடித்துக்கொண்டான். செவுள் மெல்ல மூடித் திறந்தது. தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடக்கூடாதாம். போனது. வறுத்துத் தின்றிருக்கலாமே என்று அவன் கேட்கவேயில்லை.

இரவு டெண்டுக்குள் அவன் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவனுடையது. பள்ளியைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

போக விரும்புவோருக்குச் சில விவரங்கள். சண்டிகரிலிருந்து மணாலி சாலையில் அவுட் என்ற ஊரில் இறங்கி பஞ்சார், குஷைனி என்று போக வேண்டும். சனி, ஞாயிறு ஆற்றோரம் என்றால் போகவர முன்னும் பின்னும் தனி நாட்கள் தேவை. மீன்வளத் துறையின் லைசென்ஸ் கட்டாயம். முகாம்காரர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் இனப்பெருக்கக் காலம், தூண்டிலுக்குத் தடை. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள்: 2023 ஜூலையில் குல்லுவில் பியாஸ் கரையோரக் கட்டடங்கள் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க வேண்டாம். எந்த மாதமானாலும், வெள்ளம் ஒதுக்கிய மரக்கட்டைகள் கிடக்கும் கோட்டுக்கு மேலேதான் டெண்ட் அடிக்க வேண்டும். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை அந்த ஆற்றுக்குச் சரியான பருவத்தில்தான் வருகிறது. இந்த ஆண்டு விடுமுறையில் நான்கு நாட்களை இதற்கு ஒதுக்குங்கள்.