லாரியின் டிம்மர் சுவிட்சு: கோளாறு அறிதலும் மாற்றுதலும்

வைப்பாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள கீழவைப்பார், முத்துக்குளித்துறைக் கிராமங்களுள் ஒன்றாகும். 1961ஆம் ஆண்டிற்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மீன்பிடித் தொழிலே மக்களுக்குப் பெரிதும் ஜீவனமாயுள்ளது. சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டுப் பின்னர் முத்தெடுப்பது பழைய வழக்கம். மீனோ அவ்விதம் காத்திராது. பிடித்த சில மணி நேரத்திற்குள் சந்தை சேராவிடில் விலை இறங்கிவிடும். ஆகவே மீன் ஏற்றிய லாரிகள் இரவிலும் விடியற்காலையிலும் ஓட வேண்டியிருக்கின்றன. இருமருங்கும் சீமைக் கருவேலம் அடர்ந்த சாலைகளில் பாதசாரிகளும் சைக்கிள்காரரும் ஆட்டு மந்தைகளும் இருட்டில் எதிர்ப்படுவதுண்டு. இத்தகைய வழியில் லாரியின் முன்விளக்குச் செம்மையாயிருப்பது உயிரைப் பற்றிய காரியமாகும்.

டிம்மர் சுவிட்சின் வேலை

முன்விளக்குப் பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று நெடுந்தூரம் ஒளி வீசுவது. மற்றொன்று ஒளியைச் சாலையின்மீது தாழ்த்திக் காட்டுவது. முன்னதைப் பிரைட்டு என்றும் பின்னதை டிம் என்றும் டிரைவர்கள் வழங்குவர். ஜெர்மனி தேசத்து ஓஸ்ராம் கம்பெனியார் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட பைலக்ஸ் பல்பு இவ்வகையில் பேர்பெற்றது. எந்த இழைக்கு மின்சாரம் செல்ல வேண்டுமென்பதை நிர்ணயிப்பதே டிம்மர் சுவிட்சு. புதிய வண்டிகளில் இது ஸ்டியரிங்கின் அருகே கைப்பிடியாக அமைந்துள்ளது. பழைய வண்டிகள் பலவற்றில் கிளச்சு மிதியின் இடப்புறம், தரைப் பலகையில், இடது காலால் அழுத்தும் பொத்தானாக இருக்கும். ஒவ்வொரு அழுத்தத்திற்கும் உள்ளேயுள்ள பற்சக்கரம் ஒரு படி திரும்பி, மின்சாரத்தை ஓர் இழையினின்று மற்றோர் இழைக்கு மாற்றுகிறது.

எதிரே வண்டி வரும்போது டிம் செய்ய இயலாவிடில் எதிர் டிரைவரின் கண் கூசும். கண் தெளியச் சில வினாடிகள் செல்லும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. ஐந்து வினாடியில் 70 மீட்டர். அத்தனை தூரமும் அவர் குருடராகவே வண்டி செலுத்துகிறார் என்று அறிதல் வேண்டும். முன்விளக்கு எதிர்வருவோர் கண்ணைக் கூசச் செய்யலாகாதென்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் கூறுகின்றன.

கெடுவதற்குக் காரணம்

கடற்கரையில் சரக்கேற்றும் டிரைவரின் ஈரக்கால் படுமிடத்திலேயே இச்சுவிட்சு அமைந்திருக்கிறது. உப்புநீரும் மணலும் பொத்தானைச் சுற்றி உள்ளே இறங்குகின்றன. பெட்டிகளினின்று வடியும் ஐஸ் தண்ணீரும் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் அடிப்புறத்தைத் தாக்குகின்றன. உப்பு ஈரத்தை விடாது பற்றி நிற்பதால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. இரும்புத் தகடு துருப்பிடிக்கிறது.

களிம்பேறிய முனை மின்சாரத்தைத் தடுக்கும். 12 வோல்ட்டு வண்டியில் 45 வாட்டு இழைகள் இரண்டு எரிய ஏழரை ஆம்பியர் மின்சாரம் தேவை. வழியில் ஒன்றரை வோல்ட்டு வீணானால் சுமார் 11 வாட்டு வெப்பம் சுவிட்சிலேயே உண்டாகிறது. அத்துடன் விளக்கின் வெளிச்சமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எனவே வெளிச்சம் மங்கினால் பாட்டரியை மாத்திரம் குறை கூறுதல் தகாது.

கோளாறை அறியும் விதம்

விளக்கு எரியவில்லையென்றால் உடனே பல்பு வாங்குவது பலருடைய வழக்கம். அது சங்கத்துப் பணத்தை விரயமாக்குவதாகும். முதலில் இரண்டு விளக்குகளையும் பிரைட்டிலும் டிம்மிலும் எரியவிட்டு நோக்க வேண்டும்.

(1) ஒரு பக்கத்து விளக்கில் மட்டும் ஓர் இழை எரியாவிடில், பல்பிலோ அப்பக்கத்துக் கம்பியிலோ பியூஸிலோ குற்றமுண்டு. டிம்மர் சுவிட்சு இரு விளக்குகளுக்கும் பொதுவாதலால் அதன்மேல் ஐயுற வேண்டியதில்லை.

(2) இரு பக்கத்திலும் டிம் மாத்திரமோ பிரைட்டு மாத்திரமோ எரியாவிடில் சுவிட்சை ஐயுறலாம். இரு பல்புகளில் ஒரே இழை ஒரே சமயத்தில் அறுந்துபோவது அரிது.

(3) சிறு விளக்குகள் எரிந்து, முன்விளக்கு எந்நிலையிலும் எரியாவிடில், பியூஸையும் பெரிய சுவிட்சினின்று டிம்மருக்கு வரும் கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும்.

(4) ஒரு விளக்கு மங்கி, அதன் இரண்டு இழைகளுமே இலேசாகச் சிவந்து தோன்றினால், அவ்விளக்கின் எர்த்துக் கம்பி சரியில்லையென்று கொள்ளலாம்.

(5) பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதோ பொத்தானில் கால் படும்போதோ விளக்கு விட்டு விட்டு எரிந்தால், முனை தளர்ந்திருக்கும், அல்லது உட்பாகம் தேய்ந்திருக்கும்.

ஐயம் சுவிட்சின்மேல் விழுந்தபின் சோதனை விளக்கினால் உறுதி செய்யலாம். வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பிணைத்தால் அதுவே சோதனை விளக்கு. 24 வோல்ட்டு லாரிக்கு 12 வோல்ட்டுப் பல்பு உதவாது. ஒரு கம்பியைச் சாசியில் துருச் சுரண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டு, முன்விளக்கைப் போட்டு, மற்றதால் டிம்மரின் மூன்று முனைகளையும் தொட வேண்டும். மின்சாரம் வரும் முனை எந்நிலையிலும் எரிய வேண்டும். மற்ற இரண்டும், உதவியாள் பொத்தானை அழுத்த அழுத்த, மாறி மாறி எரிய வேண்டும். வரும் முனை எரிந்து, செல்லும் முனையொன்று தன் முறையிலும் எரியாவிடில் சுவிட்சு கெட்டதென்பது திண்ணம். மூன்றும் சரியாக எரிந்தும் முன்விளக்கு எரியாவிடில் குற்றம் அப்பாலுள்ளது. சுவிட்சை மாற்றுவதால் பயனில்லை.

ஒன்று கவனிக்கத் தக்கது. சோதனை விளக்குச் சிறிதளவு மின்சாரமே கொள்வதால் களிம்பேறிய சுவிட்சின் வழியாகவும் எரிந்து ஏமாற்றக்கூடும். ஆகையால், முன்விளக்கைப் பெரிய சுவிட்சில் அணைத்து, டிம்மருக்கு வரும் கம்பியைக் கழற்றி, செல்லும் கம்பிகளுள் ஒன்றோடு நேராகச் சேர்த்தபின் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு முன்னிலும் பிரகாசமாக எரிந்தால் சுவிட்சே குற்றவாளி. இச்சோதனையில் கம்பியின் நுனி சாசியில் படாதபடி ஜாக்கிரதையாயிருத்தல் அவசியம்.

மாற்றும் முறை

சமதரையில் லாரியை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்குக் கட்டை கொடுக்க வேண்டும். பாட்டரியின் எர்த்துக் கம்பியைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்கலாம். மூன்று கம்பிகளிலும் எது எந்த முனைக்குரியதென்று துணி கட்டி அடையாளமிட வேண்டும். வெயிலிலும் சேற்றிலும் கிடந்த கம்பியின் நிறத்தை நம்புவது உசிதமன்று. பிறகு முனைகளைக் கழற்றி, தரைப் பலகையிலுள்ள திருகாணிகளை எடுத்தால் சுவிட்சு வெளிவரும்.

பழையதைக் கையிலெடுத்துச் சென்று அதே அமைப்பும் அதே ஆம்பியர் அளவும் உள்ளதை வாங்குக. வீட்டு மின்விளக்குச் சுவிட்சைப் பொருத்துவது அபாயகரமானது. கம்பி நுனிகளை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, வெந்து கறுத்த பாகத்தை வெட்டி நீக்கி, அடையாளப்படி இறுக்கிய பின் அவற்றின்மேல் வாஸலைன் தடவினால் உப்புக்காற்று அணுகாது. சுவிட்சுக்கு ரப்பர் மூடி கிடைத்தால் அதனையும் பொருத்துவது நலம்.

பாட்டரியை இணைத்தபின் பொத்தானைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தி, ஒவ்வொரு முறையும் ஒளி மாறுகிறதாவென்று பார்க்க வேண்டும். அந்தி வேளையில் ஒரு சுவரின் எதிரே லாரியை நிறுத்தினால் டிம் ஒளி நன்கு தாழ்கிறதா என்பதும் விளங்கும். கால் மணி நேரம் எரிந்தபின் அணைத்துத் தொட்டால், சுவிட்சு கை பொறுக்க இயலாத சூடு காட்டலாகாது.

சங்கத்தார் கடமை

லாரி வைத்திருக்கும் சங்கங்கள் ஒரு டிம்மர் சுவிட்சும் இரண்டு பல்புகளும் சில பியூஸ்களும் எப்பொழுதும் கையிருப்பில் வைத்தல் வேண்டும். வாரத்திற்கொரு முறை பொத்தானைச் சுற்றி நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலரவிடுவதும், இரவுப் பயணத்திற்கு முன் டிம், பிரைட்டு இரண்டையும் பார்த்து டிரைவர் லாக் புத்தகத்தில் கையெழுத்திடுவதும் வழக்கமாக வேண்டும். டிம் எரியாத லாரியை, மீன் எவ்வளவு ஏற்றியிருந்தபோதிலும், இரவில் சாலைக்கு அனுப்பலாகாது. ஒரு நாள் மீன் கெட்டால் அந்த நஷ்டத்தை அடுத்த பாட்டில் ஈடு செய்து கொள்ளலாம். சாலையில் போன உயிருக்கு ஈடில்லை.