பதினாறும் பதினேழும் சந்திக்கும் கட்டம்

புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தவர் கணித ஆர்வலர் கப்ரேகர். பின்னர் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 6174 என்ற எண்ணின் விநோதத்தைக் கண்டார். எண்களோடு விளையாட உங்களுக்கும் ஆசையா? 'காகுரோ' பழகுங்கள்.

குறுக்கெழுத்துதான், ஆனால் சொற்களுக்குப் பதில் எண்கள். கூட்டுத்தொகையே குறிப்பு. 1 முதல் 9 வரை எழுதலாம். ஒரே கூட்டலில் ஓர் எண் இருமுறை வரக்கூடாது.

இடமிருந்து வலம் இரண்டு கட்டம், கூட்டு 16. எட்டும் எட்டும் ஆகாது. அப்படியானால் 7, 9தான். மேலிருந்து கீழ் இரண்டு கட்டம், கூட்டு 17. அதற்கு 8, 9 தவிர வழியில்லை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில்?

ஒன்பதேதான்! அந்த ஒரு கட்டம் நிரம்பினால் பக்கத்துக் கட்டங்கள் 7, 8 என்று தானாக அவிழும். பேனா வேண்டாம், பென்சிலே நல்லது.