தையலுக்குத் துணையாக ஒரு வலை

பெரிய வயிற்று ஆபரேஷனில் என் கவனமெல்லாம் கடைசி அரை மணி நேரத்தில்தான் இருக்கும். உள்வேலை முடிந்து, பஞ்சுத்துணிகளை எண்ணிச் சரிபார்த்து, வயிற்றை மூடும் நேரம் அது. எல்லோரும் களைத்திருப்பார்கள். ஆனால் பிற்பாடு தழும்பு வழியாகக் குடலிறக்கம் வருமா என்பதில் பெரும்பங்கு அங்கேதான் முடிவாகிறது. சிதம்பரத்தில் தியேட்டர் நர்ஸாக ஊசியும் நூலும் எடுத்துக்கொடுத்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நடுவயிற்றில் மேலிருந்து கீழாகக் கீறித் திறந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இந்தத் தொல்லை வருகிறது. மேல்தோல் நன்றாக ஆறியிருக்கும். அடியில், இருபக்கத் தசைகளையும் இணைக்கும் வெள்ளைச் சவ்வு விட்டுப்போயிருக்கும். "இருமுனா கட்டி தள்ளுது சிஸ்டர், படுத்தா காணாமப் போவுது" என்றார் கிள்ளைப் பக்கத்து மீன்காரம்மா ஒருவர். கூடை சுமக்க முடியாமல் வியாபாரமே நின்றுபோயிருந்தது. அப்படிப்பட்ட புடைப்பு ஒருநாள் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மறுபடி திறந்து சரிசெய்தாலும் திரும்ப வருவதுண்டு. அதனால்தான் முதல் தடவை மூடும்போதே தடுக்கவேண்டும் என்கிறேன்.

தையலுக்கு ஒரு கணக்கு உண்டு. கீறலின் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூலாவது உள்ளே போகவேண்டும் என்று 1976இல் இங்கிலாந்து மருத்துவர் ஜென்கின்ஸ் எழுதினார். 15 சென்டிமீட்டர் கீறலுக்கு 60 சென்டிமீட்டர். மிஞ்சிய நூலை அளந்தாலே போதும், தெரிந்துவிடும். 560 நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளித் தையலில் ஓராண்டுக்குள் 21 சதவீதத்தினருக்குக் குடலிறக்கம் வந்தது. அரை சென்டிமீட்டராக நெருக்கிப் போட்டபோது அது 13 ஆகக் குறைந்தது.

உடல் பருத்தவர்களுக்கும், வயிற்றுப் பெருந்தமனி வீங்கி ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கும் தையலை மட்டும் நம்புவது சிரமம். அங்கேதான் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலை உதவுகிறது. பந்தலில் கொடி படர்வதுபோல அதன் கண்களுக்குள் நம் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இத்தகைய 480 பேரை வைத்து நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டாண்டு கழித்துப் பார்த்ததில், வெறும் தையல் போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்குக் குடலிறக்கம். சவ்வுக்கு மேல் வலை பதித்தவர்களில் 13. தசைக்குப் பின்னால் பதித்தவர்களில் 18. மேலே பதித்தால் தோலுக்கடியில் நீர் கோப்பது அதிகம் என்பதையும் மறைக்கக்கூடாது. குடல் வெடித்துச் சீழ் பிடித்த வயிற்றில் வலை வைக்க மருத்துவர்கள் தயங்குவதும் நியாயமே.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. மகாராஷ்டிரத்தின் தோண்டாய்சா என்ற சிற்றூரில் டாக்டர் தோங்காவ்கர், கம்பெனி வலை வாங்க வசதியில்லாத ஏழைகளின் குடலிறக்கத்தைக் கிருமிநீக்கிய கொசுவலைத் துணியால் சரிசெய்து, 2003இல் அதை எழுதினார். பிறகு உகாண்டாவில் தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு முறையாகச் சோதித்தபோது, விலைகூடிய வலைக்கு அது சளைக்கவில்லை. இவையெல்லாம் குடலிறக்கம் வந்தபின் சரிசெய்ததுதான், வருமுன் தடுத்ததல்ல. ஆனாலும் நல்ல மருத்துவம் பணக்காரர்களுக்கு மட்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி ஒரு கிராமத்து மருத்துவர் செய்த காரியம் இந்தக் கொசுவலை வேலை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் வருகிற சனங்கள் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்கும்போது ஒன்றுமே கேட்பதில்லை. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் கேளுங்கள். பீடிப் பழக்கம், நாள்பட்ட இருமல், பழைய ஆபரேஷன், சுமை தூக்கும் தொழில் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு, "எங்கே கீறுவீங்க, எப்படி மூடுவீங்க, இவருக்கு வலை வேணுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.